எந்நேரமும் கேட்டுக்கொண்டிருக்கும் நிலையம்

உங்கள் குழுவின் நோக்கம் என்ன என்று ஓர் அலுவலகம் கடிதம் போட்டுக் கேட்டது. ஒரு பக்கத்துக்கு மிகாமல் பதில் எழுத வேண்டும். அந்த வேலை என்னிடம் வந்தது. யாரும் கேட்காத ஒரு வரியை நானாக அதில் சேர்த்தேன். அடுத்து வந்த மாதங்களை இப்போது நினைத்தாலும் கை தானாக இடுப்புக்குப் போகிறது, வயர்லெஸ் செட் அங்கே மாட்டியிருக்கிறதா என்று பார்க்க.

அமெச்சூர் ரேடியோ என்று சொன்னால் "பாட்டு போடுவீங்களா?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். பாட்டு போடக் கூடாது. வியாபாரம் பேசக் கூடாது. பரீட்சை எழுதி உரிமம் வாங்கியவர்கள், சொந்த வயர்லெஸ் கருவியில், தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம். அவ்வளவுதான். தொண்ணூறுகளின் கடைசியில் மதுராந்தகத்திலிருந்து ரயிலில் செங்கல்பட்டுக்குப் போய் இயற்பியல் படித்தேன். கல்லூரியில் இதற்கென்று ஒரு வகுப்பு நடந்தது. சாயங்கால ரயிலுக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும், அதனால் சேர்ந்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். மோர்ஸ் தட்டிப் பழகிப் பரீட்சையில் தேறினேன். உரிமம் தருவதற்கு முன் போலீஸ் விசாரணை உண்டு. கான்ஸ்டபிள் ஒருவர் வந்து வாசலில் நின்று என் பெயரைச் சொல்லி விசாரித்தார். "பொண்ணு பாக்க வர்ற வூட்டு வாசல்ல போலீசு வந்து நிக்குது" என்று அம்மா ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

சுனாமிக்கு அடுத்த வருஷம் கல்யாணம் ஆனது. கணவருக்கு விருதுநகர்ப் பக்கம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரையை ஒட்டிய குடியிருப்பில் இரண்டாம் மாடியில் வீடு. அவருக்கு அணுமின் நிலையத்தில் ஷிப்ட் வேலை. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு. இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குவார். அந்த வாரங்களில் நான் குக்கர் வைக்க மாட்டேன். விசில் சத்தத்துக்கு அவர் எழுந்துவிடுவார் என்று பாத்திரத்தில் சோறு வடிப்பேன். அவர் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. நானாகத்தான் செய்தேன். நான் செய்ததில் பாதி, யாரும் கேட்காமல் நானாகச் செய்தவை.

மகள் பிறந்த பிறகு வீடு இன்னும் சின்னதாகிவிட்டது. கதவைத் திறந்தால் படிக்கட்டு, படிக்கட்டில் இறங்கினால் அதே மாதிரி இன்னொரு கட்டடம். பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் நல்லவர்கள். ஆனால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் எந்தக் குழந்தை எந்த மாதத்தில் நடந்தது என்பதில் போய் முடியும். என் மகள் எதிலும் கொஞ்சம் தாமதம். நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொள்வேன்.

செட் என்று நாங்கள் சொல்வது உள்ளங்கை அளவு வயர்லெஸ் கருவி. வீட்டுக்குள் அதற்கு உயிரே இருக்காது. எங்கும் கான்கிரீட். மொட்டை மாடியில் ஆன்டெனா வைக்கக் குடியிருப்பில் அனுமதி இல்லை. சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கிற பால்கனி ஒன்று உண்டு. உப்புக் காற்றில் துருப்பிடித்த கம்பி போட்டது. அதன் மேற்கு மூலையில், ஒரு காலைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்துக்கொண்டு நின்றால் பேசலாம். அதுவும் என் செட்டின் பலத்தால் அல்ல. செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலக வளாகத்துத் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் எங்கள் குழு வைத்திருந்த பெட்டியால். ரிப்பீட்டர் என்று பெயர். என்னுடையதைப் போன்ற நோஞ்சான் செட்டின் குரலை அது வாங்கி, பெரிய குரலில் திருப்பி அனுப்பும். அது இருந்தால் கடப்பாக்கம்வரை, மதுராந்தகம் தாண்டியும், நான் பேசுவது கேட்கும். அது இல்லையென்றால் என் குரல் எதிர்க் கட்டடத்தைத் தாண்டாது.

குழுவில் பதினைந்து பேர் இருந்தோம். உரிமத்தில் உள்ள அழைப்புக் குறியைச் சொன்ன பிறகு, எங்களுக்குள் ஊர்ப் பெயரால்தான் கூப்பிட்டுக்கொள்வோம். செங்கல்பட்டு என்றால் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சார். மதுராந்தகம் என்றால் உரக்கடை வைத்திருக்கும் அண்ணன். கடப்பாக்கம் என்றால் அங்கே ஐஸ் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருக்கும் அண்ணன். இந்த மூவர்தான் தினமும் வருவார்கள். இவர்களில் இரண்டு பேரை நான் நேரில் பார்த்ததே இல்லை. காலையில் பத்து மணிக்குக் கல்லின் மேல் கால் வைத்து என் குறியைச் சொல்வேன். கடப்பாக்கம்தான் முதலில் வருவார்.

"இன்னா தங்கச்சி, கொயந்த துன்னுச்சா? ஓவர்."

"ரெண்டு வாய் சாப்ட்டா. மூணாவது வாய் என் மேல. ஓவர்."

"நம்ம கம்பெனி ஐஸே தேவலாம்பா, ஊத்தன எடத்துல நிக்குது."

செங்கல்பட்டு சார் குறுக்கே வந்து, "சோறு மட்டும் குடுக்காதேம்மா, கேழ்வரகு குடு, கேழ்வரகு" என்பார். பத்து நிமிடம். சில நாள் ஐந்து நிமிடம். செட்டின் அலைகள் குழந்தைக்கு ஆகுமோ ஆகாதோ என்று பயந்து அவளைச் சமையலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்துவிட்டுத்தான் பேசுவேன். கணவர் சிரிப்பார். "ஏ பிள்ள, நான் வேலை பாக்கிற எடத்துக்குப் பயப்படல, இதுக்குப் பயப்படுதியா?" என்பார். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் மற்ற மணிகளைக் கடத்தினேன் என்று எழுதினால் மிகையாகத் தெரியும். ஆனால் அப்படித்தான் இருந்தது.

மகளுக்கு ஒன்றரை வயதானபோது கடிதம் வந்தது. தண்ணீர்த் தொட்டி யாருடைய வளாகத்தில் இருக்கிறதோ அந்த அலுவலகத்தில் புது அதிகாரி வந்திருந்தார். தொட்டியின் மேல் யாருடைய பெட்டி, எதற்காக இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். குழுவின் நோக்கத்தையும் பொதுமக்களுக்கு அதனால் என்ன பயன் என்பதையும் பதினைந்து நாட்களில் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும், தவறினால் பெட்டியை இறக்கிக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் சேர்ந்து வருகை சொல்கிற நேரத்தில் இதைப் பேசினோம். எங்கள் நோக்கம் என்ன என்று நாங்களே யோசித்தது அன்றுதான் முதல் முறை.

"அந்த ஆபீஸ் கிளார்க் கேக்கறான்மா, எல்லார் கையிலயும் செல்போன் வந்துடுச்சே சார், இந்தப் பெட்டி இன்னாத்துக்குன்னு. எனக்கு டக்குனு பதில் வரலே" என்றார் செங்கல்பட்டு சார். "விஞ்ஞான ஆராய்ச்சின்னு போடுவோம். ரேடியோ அலைகள் பரவும் விதம். ஓவர்."

"ஆராய்ச்சியா?" என்றது மதுராந்தகம். "பத்து வருஷமா நீங்க பண்ண ஒரே ஆராய்ச்சி, ஆன்டெனா மேல காக்கா உக்காந்தா சிக்னல் குறையுதான்னுதான் சார்."

"குறையுதுய்யா. அதை நிரூபிச்சாச்சு."

"பேரிடர்னு போடுங்க. சுனாமி வந்து மூணு வருஷம்தான் ஆவுது. அந்த வார்த்தையப் பாத்தா எந்த ஆபீஸரும் கையெழுத்துப் போடுவார். ஓவர்."

கடப்பாக்கம் அண்ணன் கடைசியாக வந்தார். "நாலு பேரு பேசிக்கினு கீறோம். அதாம்பா நோக்கம். இத எய்தறதுக்கு பதினஞ்சு நாளு எதுக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு மதுராந்தகம் சொன்னது: "சிஸ்டரே எழுதட்டும். கையெழுத்து நல்லாயிருக்கும், படிச்சவங்க. வீட்டுலயேதான் இருக்காங்க."

வீட்டிலேயேதான் இருக்கிறேன். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு அது குறையாகத்தான் கேட்டது. நன்றாக எழுதிக் காட்ட வேண்டும் என்று அந்த நிமிடமே தோன்றிவிட்டது.

மகள் தூங்கும் நேரத்தில் சமையல் மேடையில் வைத்து எழுதினேன். முதல் தாளில் எனக்குத் தெரிந்த உண்மையை எழுதிப் பார்த்தேன். ஒருத்தி பால்கனியில் நின்று 'யாராவது இருக்கிறீர்களா' என்று கேட்டால் 'இருக்கிறோம்' என்று சொல்வது. படித்துப் பார்த்தால் வெட்கமாக இருந்தது. ஓர் அதிகாரிக்கு இதை யார் அனுப்புவார்கள்? கிழித்தேன். அடுத்த தாளில் ஆராய்ச்சி. அதில் காக்கை ஞாபகம் வந்து பேனா ஓடவில்லை. மூன்றாவதில் பேரிடர். புயல், வெள்ளம், கடல் கொந்தளிப்பு ஆகிய காலங்களில் தொலைபேசிகள் செயலிழக்கும்போது கடலோரக் கிராமங்களிலிருந்து செய்திகளைக் கொண்டுசேர்ப்பது. அது பொய்யும் இல்லை. சுனாமி அன்று குழுவில் சிலர் அந்த வேலையைச் செய்தவர்கள். நான் அப்போது அதில் இல்லை.

பத்தி நன்றாக வந்தது. ஆனால் முடிவு தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்குக் கடைசி வரி கனமாக இருக்க வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். யோசித்து எழுதினேன்: "இதற்கென எமது குழுவின் ஒரு நிலையம் எந்நேரமும் கேட்டுக்கொண்டிருக்கும்."

எப்படியும் நான் வீட்டில்தானே இருக்கிறேன் என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை.

செங்கல்பட்டு சார் கடிதத்தை வாங்கி ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். கடைசி வரியை இரண்டு முறை வாசித்தார். "இதுதான்மா எழுத்து" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு சமையலைத் தவிர வேறொன்றுக்காக யாரும் என்னைப் பாராட்டியிருக்கவில்லை.

பதில் மூன்று வாரத்தில் வந்தது. பெட்டி இருக்கலாம். நிபந்தனைகள் நான்கு. எந்நேரமும் கேட்டுக்கொண்டிருக்கும் நிலையத்தின் முகவரியைத் தெரிவிக்க வேண்டும். முன்னறிவிப்பு இல்லாமல் சோதனை அழைப்பு விடுக்கப்படும், மூன்று நிமிடத்துக்குள் அந்த நிலையம் பதில் தர வேண்டும். வாரம் ஒரு முறை பதிவேட்டின் நகலை அனுப்ப வேண்டும். கடைசியாக, குழு தன் நோக்கத்தைத் தானே தெளிவாகக் கூறியிருப்பதால், அந்நோக்கத்துக்குப் புறம்பான உரையாடல்கள் பெட்டியின் வழியே நடைபெறக் கூடாது.

அன்று எல்லாரும் சந்தோஷமாக இருந்தோம். நானும்தான். மறுநாள் காலை பத்து மணிக்குக் கல்லின் மேல் கால் வைத்து என் குறியைச் சொன்னேன். கடப்பாக்கம் தன் குறியைச் சொன்னார். பிறகு பொத்தானை அழுத்தி அழுத்தி விட்டார். பெட்டியின் 'கிளிக்' சத்தம் மட்டும் கேட்டது.

"ம்... தங்கச்சி. கேக்குது. நல்லா கேக்குது. ஓவர்" என்றார்.

"எனக்கும் நல்லா கேக்குதுண்ணா."

அவ்வளவுதான். பேரிடரைப் பற்றிப் பேச எங்களிடம் ஒன்றும் இல்லை. சில நாட்களில் அவரும் காலையில் வருவதை நிறுத்திவிட்டார்.

ஆனால் நான் நிறுத்த முடியாது. முகவரி என்னுடையது. செட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிந்தேன். வீட்டுக்குள் அது கேட்காது என்பதால் பால்கனிக் கதவைத் திறந்தே வைத்து, அங்கே ஓர் ஆணியில் அதைத் தொங்கவிட்டு, காதை அங்கேயே வைத்திருந்தேன். மிக்ஸி போட்டால் பாதியில் நிறுத்திக் கேட்பேன். குளிக்கும்போது தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்பேன். பால் பூத்துக்குப் போக ஒரு வழி, அந்த வழியில் எந்த இடத்தில் கேட்கும், எந்த இடத்தில் கேட்காது என்று எனக்குத் தெரியும். கேட்காத இடங்களில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். கடற்கரைக்குப் போவதை விட்டேன். மதுராந்தகத்தில் அம்மா வீட்டுக்குப் போவதை விட்டேன். அங்கே வீட்டுக்குள் செட் கேட்காது. அம்மா தொலைபேசியில், "மாப்ள விட மாட்டேங்கறாராடி?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்புறம் யாரு?" என்றாள்.

சோதனை அழைப்பு மாதத்தில் இரண்டு முறையாவது வரும். உரிமம் இல்லாதவர்கள் செட்டில் பேசக் கூடாது. அதனால் அந்த அலுவலகத்து கிளார்க் நேரே அழைக்க முடியாது. அவர் சொல்லச் சொல்ல, செங்கல்பட்டு சார்தான் அழைப்பார். பக்கத்தில் கிளார்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"சோதனை அழைப்பு. கேட்பு நிலையம் பதில் தரவும்."

"கேட்பு நிலையம் பதில் தருகிறது."

"நன்றி. சோதனை முடிந்தது."

கேழ்வரகு கொடு என்று சொன்ன அதே குரல். வேறு ஒரு சொல் வராது. போகப் போக அந்தக் குரல் இன்னும் வறண்டுபோனது. எனக்குக் கோபமாக இருந்தது. சோதனை செய்ய இவருக்குப் பிடித்துவிட்டது, அதிகாரிகளோடு உட்கார்ந்து பழகிவிட்டார் என்று நினைத்தேன்.

ஒரு நாள் காலை மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். தலை நிறையச் சோப்பு. பக்கத்தில் பக்கெட் முக்கால்வாசி நிறைந்திருந்தது. அழைப்பு வந்தது. நான் எழுந்து ஓடினேன். சோப்புக் கையில் செட் நழுவியது. புடவையில் துடைத்து, பொத்தானை அழுத்தி, பதில் சொல்லி, 'சோதனை முடிந்தது' வரும்வரை நின்றேன். நின்றேன் என்பதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பதில் சொன்னதும் ஓடி வந்திருக்கலாம். நன்றியைக் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். குளியலறையில் அவள் பக்கெட்டின் விளிம்பைப் பிடித்து எழுந்து நின்று, மூக்கு தண்ணீரைத் தொடுகிற மாதிரி குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு ஈரத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்று பதிவேட்டில் 'பதில்: ஒரு நிமிடத்துக்குள்' என்று எழுதினேன். இதைக் கணவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

அன்றே அந்த வேலையை விட்டிருக்க வேண்டும். விட்டால் பெட்டியை இறக்கிவிடுவார்கள். பெட்டியை இறக்கினால் பதினைந்து பேருடைய குரலையும் நான் இறக்கியது போல ஆகும். அந்தப் பெட்டியால் இப்போது எனக்கு ஒரு வார்த்தைகூடப் பேச வழியில்லை என்பதும் தெரிந்துதான் இருந்தது. இருந்தும், நிபந்தனை என்றாவது தளரும், பெட்டி இருந்தால்தானே தளரும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தை மாதம் கணவரின் குலதெய்வக் கோயிலில் மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்துவதாக முடிவானது. ஐந்து நாள் பயணம். ஒரு மாதத்துக்கு முன்பே அலுவலகத்துக்கு எழுதினேன், அந்த நாட்களுக்கு வேறு நிலையத்தை ஏற்கும்படி. பதில் இல்லை. மறுபடி எழுதினேன். பதில் இல்லை. கிளம்புவதற்கு முதல் நாள், நான் மட்டும் இரண்டு நாள் கழித்து வரட்டுமா என்று கணவரிடம் கேட்டேன்.

சூட்கேஸில் துணி அடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏ பிள்ள, காது குத்து பிள்ளைக்கா, இல்ல அந்தத் தண்ணித் தொட்டிக்கா?"

நான் சிரிக்கவில்லை. அவர் குரலைத் தணித்து, "ஒன்னயப் பாத்தா எனக்கே பயமா இருக்கு. தூங்கயில கூட அந்தப் பக்கம் திரும்பித்தான் படுக்க" என்றார்.

போனேன். செட்டை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டுப் போனேன். மூன்றாம் நாள் காலை என் கூடப்பிறந்த அண்ணன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினார்கள். அவள் அழுத அழுகையில் கோயிலே திரும்பிப் பார்த்தது. எனக்கும் அழுகை வந்தது. இப்போது சோதனை வந்திருக்குமோ என்ற எண்ணமும் கூடவே வந்தது. குழந்தையின் காதில் ரத்தம் துளிர்க்கும்போதுகூட அதை நினைக்கிறேனே என்று என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

வந்துதான் இருந்தது. அதே நாள், ஏறக்குறைய அதே நேரம். ஊர் திரும்பிய அன்று மதுராந்தகம் அண்ணன் தொலைபேசியில் சொன்னார். கேட்பு நிலையத்தை அழைத்திருக்கிறார்கள். பதில் இல்லை என்றதும் கடப்பாக்கம் தன் குறியைச் சொல்லி, "அவங்க ஊர்ல இல்ல, நான் கேட்டுக்கினு கீறேன்" என்றிருக்கிறார். பின்னாலேயே மதுராந்தகம். பின்னாலேயே அச்சிறுபாக்கத்திலிருந்து ஒருவர். ஒரு நிமிடத்தில் மூன்று பேர்.

"அப்ப சரிதானே அண்ணா?"

"எங்க சரி? லெட்டர்ல ஒரு நிலையம்னு போட்டிருக்கு, அந்த நிலையம் பதில் சொல்லலேன்னு எழுதிட்டான் அந்த ஆளு. சார் பக்கத்துல உக்காந்து எவ்வளவோ சொல்லிப் பாத்திருக்காரு. ஏழு நாள்ல விளக்கம் கேட்டிருக்காங்க. நீங்கதான் எழுதணும் சிஸ்டர்."

"என்னன்னு எழுத?"

"பேட்டரி போச்சுன்னு எழுதுங்க."

"ரெண்டு பேட்டரி இருக்கறதா பதிவேட்டுல இருக்கே."

"அப்ப குழந்தைக்குக் காய்ச்சல்னு போடுங்க. அதுக்கு மேல யாரு கேக்கப் போறா?"

தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'எனது குழந்தைக்கு' என்றுவரை எழுதினேன். அதற்கு மேல் கை போகவில்லை. நல்லா இருக்கிற பிள்ளைக்குக் காய்ச்சல் என்று என் கையாலேயே எழுதி, கையெழுத்தும் போட்டு, அரசாங்கத்துக்கு அனுப்புவதா? அவள் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். படித்தவள் இப்படி நினைக்கலாமா என்று தெரியவில்லை. ஆனால் பேட்டரியைப் பற்றி எவ்வளவு பொய் வேண்டுமானாலும் எழுதியிருப்பேன், இதை எழுத முடியவில்லை.

ஆகவே நடந்ததை எழுதினேன். அந்த வரியை எழுதியவள் நான்தான். ஒருவரால் எந்நேரமும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. எனக்குச் சின்னக் குழந்தை இருக்கிறது. அன்று அவளுடைய காது குத்துக்குப் போயிருந்தேன். நான் இல்லாதபோது, யாரும் சொல்லாமலே மூன்று பேர் பதில் சொன்னார்கள். ஒரு நிலையம் என்பதைத் திருத்தி, ஏழு நிலையங்கள் நாளுக்கு ஒன்றாகக் கேட்கும் என்று ஏற்க வேண்டுகிறேன். இயலாது என்றால் பெட்டியை இறக்கிக்கொள்கிறோம்.

கடைசி வாக்கியத்தை எழுத எனக்கு உரிமை இல்லை. பெட்டி என்னுடையது அல்ல. குழுவுக்கு வாசித்துக் காட்டினால் மாற்றச் சொல்வார்கள், நானும் மாற்றிவிடுவேன் என்று தெரியும். அதனால் காட்டாமல் தபாலில் போட்டேன். என் வாழ்க்கையில் ஒருவரிடமும் சம்மதம் கேட்காமல் செய்த முதல் காரியம் இதுவாகத்தான் இருக்கும்.

விஷயம் தெரிந்ததும் மதுராந்தகம் அண்ணன் சொன்ன ஒரே வாக்கியம்: "எல்லாருக்கும் சேத்து நீங்களே முடிவு பண்ணிட்டீங்க." அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தன் குறியைச் சொல்வதோடு நிறுத்திக்கொண்டார். ஐந்து வாரம். ஒவ்வொரு நாளும் செட்டைத் திருகி, பொத்தானை அழுத்தி விட்டு, பெட்டியின் 'கிளிக்' வருகிறதா என்று பார்ப்பேன். வந்தால் பெட்டியை இன்னும் இறக்கவில்லை என்று பொருள்.

பதில் வந்தது. ஏழு நிலையங்கள், நாளுக்கு ஒன்று, சம்மதம். பிற நிபந்தனைகளில் மாற்றமில்லை. ஏழு நிலையங்களுக்கும் பொதுவான ஒரு பதிவுப் படிவத்தைக் குழுவே தயாரித்து ஒப்புதல் பெற வேண்டும்.

எனக்குச் செவ்வாய்க்கிழமை வந்தது. மற்ற ஆறு நாளும் பால்கனிக் கதவைச் சாத்தலாம். முதல் புதன்கிழமை குக்கரில் சோறு வைத்து இறக்கிவிட்டுக் குழந்தையோடு கடற்கரைக்குப் போனேன். நன்றாகத்தான் இருந்தது. திரும்பி வந்து, பழக்கத்தில் கல்லின் மேல் கால் வைத்து நின்றேன். சொல்வதற்கு ஒன்றும் இல்லை. பிற நிபந்தனைகளில் மாற்றமில்லை. பெட்டியையும் காப்பாற்றிவிட்டேன், என்னையும் கொஞ்சம் விடுவித்துக்கொண்டேன். எதற்காகப் பெட்டி வேண்டும் என்று இருந்தேனோ அது மட்டும் திரும்ப வரவில்லை.

படிவம் தயாரிக்கும் வேலையும் என்னிடம்தான் வந்தது. ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். நேரம். நிலையம். ஒலியின் தெளிவு. காற்று. மழை. கடல். எல்லாம் பேரிடருக்குத் தேவையானவை. தாளில் வலது பக்கம் ஒரு விரல் அகலம் மிச்சம் இருந்தது. அரசுப் படிவங்களில் கடைசியில் ஒரு கட்டம் இருக்குமே, அதைப் போல ஒரு கோடு இழுத்து 'இதர விவரம்' என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பயந்தேன். இதுவும் யாரும் கேட்காத ஒன்று. அழிக்க ரப்பரை எடுத்து, மறுபடி வைத்து, மறுபடி எடுத்தேன். கடைசியில் அப்படியே அனுப்பினேன். முத்திரையோடு திரும்பி வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை படிவத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நிலையமாகக் கேட்டேன். கணவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். நான் மெல்லிய குரலில் பேசினேன்.

"கடப்பாக்கம். காற்று?"

"தெக்கத்திக் காத்து. மெதுவா கீது."

"மழை?"

"இல்ல."

"கடல்?"

"சும்மா கெடக்குது."

"இதர விவரம்?"

"அது இன்னா தங்கச்சி புதுசா?"

"படிவத்துல இருக்குண்ணா. ஆபீஸ் ஒப்புதல் குடுத்த படிவம். நீங்க எதைச் சொன்னாலும் நான் எழுதியாகணும். ஓவர்."

"எதச் சொன்னாலுமா?"

"எழுதியாகணும்."

"அப்ப எய்திக்கோ. ஐஸ் பிளாண்ட்ல மோட்டாருக்கு அடியில பூன குட்டி போட்டுக்கீது. அஞ்சு. ஒண்ணு மட்டும் செவப்பு. முதலாளி மாதிரியே மூஞ்சி. ஓவர்."

எழுதினேன். 'பூனை, குட்டிகள் ஐந்து, ஒன்று சிவப்பு.' முதலாளியை விட்டுவிட்டேன். யாரோ பொத்தானை அழுத்திச் சிரித்துவிட்டு விட்டார்கள். மதுராந்தகத்தின் முறை வந்தது. காற்று, மழை சொன்னார். இதர விவரத்துக்கு, "கேட்பு நிலையம் எழுதிக்கலாம், மதுராந்தகத்துக்குக் கோபம் கொஞ்சம் தணிஞ்சிருக்கு. முழுசா இல்ல" என்றார். அதையும் எழுதினேன்.

"செங்கல்பட்டு. காற்று?"

"இல்லை."

"மழை?"

"இல்லை."

"இதர விவரம், சார்?"

பெட்டி 'கிளிக்' என்றது. பிறகு அந்த வறண்ட குரல் வந்தது.

"வீட்டுல அவங்க ஆஸ்பத்திரில இருக்காங்கம்மா. இங்க, பெரியாஸ்பத்திரில. நுரையீரல்ல தண்ணி. ஆறு மாசமா உள்ளயும் வெளியிலயுமாதான் இருக்கோம். உனக்கு சோதனைக்குக் கூப்பிட்டதெல்லாம் வார்டுல இருந்து நேரா ஆபீசுக்கு ஓடி வந்துதான் கூப்பிட்டேன். கூப்பிட்டுட்டுத் திரும்ப ஓடணும். புறம்பான பேச்சு கூடாதுன்னு..." நிறுத்தினார். "ஓவர்."

கடப்பாக்கம்தான் முதலில் வந்தார்.

"எந்த வார்டுபா?"

சார் வார்டைச் சொன்னார், மாடியைச் சொன்னார், எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள் என்பதைச் சொன்னார். மதுராந்தகம் குறுக்கே வந்து, சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். அவர் அதற்கும் பதில் சொன்னார். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். ஒரு விரல் அகலக் கட்டத்தில் எவ்வளவு எழுதிவிட முடியும்? இடம் தீர்ந்ததும் பக்கத்துக் கட்டத்தில் எழுதினேன். கடல் என்று தலைப்புப் போட்ட கட்டம். செங்கல்பட்டில் கடல் இல்லை, அது காலியாகத்தான் இருந்தது.